துடக்கோடு ஒரு யாத்திரை

…சொல்லாதே என்றுதானே சத்தியம் வாங்கினார், போகாதே என்று வாங்கவில்லையே, வாயைத் திறக்காமல் ஒருத்தி தன்பாட்டில் போய் நின்றால் அது சொன்னதாகுமா, ஆகாது என்றுதான் மீனாம்பிகைக்கு விடியற்காலையில் கோப்பாயில் யாத்திரை வான் ஏறும்போது தோன்றியது, உரும்பிராய்ச் சந்தி கடந்த பிறகு ஆகும் போலவும் இருந்தது. மார்க்கண்டர் கட்டிலில் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்தார், அந்தத் தலை என்ன சூடு, "கஜனுக்குச் சொல்லப்படாது. நான் செத்தாலும் சொல்லப்படாது. குருசு போட்டவன்ரை கையாலை எனக்குக் கொள்ளி வேண்டாம். சத்தியம் பண்ணு," என்றார், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் சொன்னதற்கெல்லாம் ஓம் என்று பழகிய வாய் அதற்கும் ஓம் என்றது. மனுசன் போய்விட்டார். பெற்ற பிள்ளை கஜானன் அரைமணி நேர ஓட்டத்தில் உயிரோடு இருக்க, மார்க்கண்டருடைய தமையனின் மகன் சுதாகரன் கொள்ளிக்குடம் தூக்கினான். வருகிற புதன்கிழமை கீரிமலையில் அந்தியேட்டி, சாம்பல் கடலில் கரைந்துவிட்டால் பிறகு மகன் வந்தென்ன வராவிட்டாலென்ன… அதற்குள் அவனை ஒருக்கால் அந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், தர்ப்பை போட வேண்டாம், மந்திரம் சொல்ல வேண்டாம், தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு நின்றால் போதும். ஆனால் சொல்லாமல் எப்படி? பொட்டில்லாத இந்த நெற்றியைக் கண்டால் அவனுக்கு விளங்காதா? நெற்றி கதைப்பதற்கும் சேர்த்தா மனுசன் சத்தியம் வாங்கினார்?

வானுக்குள் அந்த நெற்றியை ஒருவரும் கவனிக்கவில்லை, அதுதான் புதினம். எல்லாரும் வேதக்காரர், கிறிஸ்தவர்கள், பொட்டு வைத்த பெண்களும் இருந்தார்கள், வைக்காதவர்களும் இருந்தார்கள், பின்சீட்டில் ரொறன்ரோவிலிருந்து வந்த சுவர்ணா என்ற பிள்ளைக்குப் பொட்டும் இல்லை, தோடும் இல்லை, சிரிப்பு மட்டும் இருந்தது. ஊரில் படலைக்கு வெளியே தலையை நீட்டினாலே ஐயோ பாவம் என்று பார்க்கிற கண்கள், இங்கே அவள் வெறும் நெற்றியோடு ராசாத்தி மாதிரி யன்னல் ஓரத்தில் இருந்தாள். பக்கத்தில் லவீனா. அடுத்த வளவுக்காரி, முந்தி ஆஸ்பத்திரி மிசி, மார்க்கண்டருக்குக் கடைசிவரை சேலைன் ஏற்றியவள். பழைய தேவாலயங்கள், போர்த்துக்கேயர் காலத்து இடிபாடுகள் எல்லாம் பார்க்கிற பங்கு யாத்திரை இது, கடைசியாகத் துறவிகளின் மடம், கஜன் இருக்கிற இடம், அங்கே விருந்தினர் மண்டபத்துக்குப் பெண்களையும் விடுவார்கள் என்று லவீனாதான் வேலிக்கு மேலால் மெல்லச் சொன்னாள். "துடக்கோடை எப்பிடி வாறது?" என்று இவள் கேட்டாள். "எங்களுக்குத் துடக்கும் இல்லை ஒண்டும் இல்லை அக்கா, நீங்கள் வாங்கோ," என்றாள் லவீனா. அவர்களுக்கு இல்லை, சரி. இவளுக்கு இருக்கிறதே? சாவு நடந்த வீட்டுக்காரி, அந்தியேட்டி முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது, ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது, அவள் கையால் மற்றவர் ஒரு மிடறு தண்ணீர் வாங்கமாட்டார்கள். வீட்டில் நிற்கிற சொந்தங்களிடம் பிரஷர் கிளினிக் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அந்தப் பொய்யைச் சொன்ன நேரத்திலிருந்து உண்மையாகவே தலை சுற்றியது.

சுன்னாகத்தில் வாழைப்பழம் வாங்க வானை நிற்பாட்டினார்கள், சந்தைக்கு முன்னால், ஊர் உலகம் எல்லாம் வந்துபோகிற இடத்தில், வேறு இடமே கிடைக்கவில்லையா இவர்களுக்கு? வானின் நெற்றியில் 'வேதமூலத் தலங்கள் தரிசன யாத்திரை' என்று குருசு போட்ட பெரிய பனர். வெங்காய மூட்டைகளுக்கு இடையால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது, தாடியோடு ஒருவன்… சுதாகரன். கொள்ளி வைத்தவன் அந்தியேட்டி முடியும்வரை முகம் வழிக்கக்கூடாது, கறுப்பும் வெள்ளையுமாகப் பத்தை பத்தையாக முளைத்திருந்தது. அந்தியேட்டிச் சாமான் வாங்க வந்திருப்பான், அவள் எழுதச் சொன்ன எள்ளும் சாம்பிராணியும்தான். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக் குனிந்தாள், முன்சீட்டுப் பெண் அதைப் பார்த்து இவளும் செபம் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று நினைத்துத் தானும் முக்காடு போட்டாள். கடவுளே, அவன் இந்தப் பக்கம் பார்க்கிறான். பனரைப் பார்க்கிறான். யன்னலைப் பார்க்கிறான். பிறகு குனிந்து தன் முன் டயரை விரலால் அமர்த்திப் பார்த்தான், நிமிரவே இல்லை, வான் வெளிக்கிடும்வரை டயரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். காணவில்லை, கண்டிருந்தால் ஓடி வந்திருப்பான், "சின்னம்மா, துடக்கு வீட்டிலையிருந்து எங்கை வெளிக்கிட்டியள்?" என்று சந்தை கேட்கக் கத்தியிருப்பான், தேப்பனைப் போலத்தான், முறை தலை தவறக்கூடாது என்கிற ஆள். மார்க்கண்டருக்கு அவனில் ஒரு தனி நம்பிக்கை. கடைசிக்கு முதல் நாள் பின்னேரமும் அவன்தான் கட்டிலடியில் இருந்தான், இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்காத மனுசன் திடீரென்று "மீனா, கோப்பி போட்டுக்கொண்டு வா," என்றார், அவள் அடுப்பு மூட்டி, பால் காய்ச்சி, ஆற்றி, ஓடோடிக் கொண்டுவந்தால் உதட்டிலும் வைக்கவில்லை. அவ்வளவு ஆசையாகப் போட்ட கோப்பி ஏடு படிந்துபோய்க் கிடந்தது. இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது, செத்த மனுசனோடு கோபித்து என்ன பயன்.

வாழைப்பழம் கைமாறிக் கைமாறி வந்தது. கதலி, நல்ல கனிவு. லவீனா ஒரு சீப்பை நீட்டி, "பின்னாலை குடுங்கோ அக்கா," என்றதும் கை தானாக வாங்கிவிட்டது, வாங்கிய பிறகுதான் திடுக்கிட்டது. இதை எப்படி இந்தப் பிள்ளையின் கையில் கொடுப்பது? அதற்குத் தெரியாது, தெரியாமல் தின்னும், தின்றால் ஒன்றும் ஆகாது என்று புத்தி சொல்கிறது, ஆனால் கை கேட்டால்தானே. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த பையின் மேல் சீப்பை வைத்தாள், கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் அரக்கினாள், "எடுங்கோ பிள்ளை," என்றாள். சுவர்ணா ஒரு நொடி பார்த்தாள், அன்ரிக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருக்கும், முகம் சின்னதாகிவிட்டது. தண்ணீர்ப் போத்தல் வந்தபோதும் அதே கதைதான், வைத்தாள், விலகினாள், "எடுங்கோ." அந்தப் பிள்ளை பிறகு இவளோடு சிரிப்பதையே விட்டுவிட்டது. அதற்கு விளக்கம் சொல்லப் போனால் செத்தவீடு வரும், செத்தவீடு வந்தால் புருசன் வருவார், புருசன் வந்தால் மகன் வருவான்… வேண்டாம், கெட்ட மனுசியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சங்கானையில் இறங்கினார்கள். கூரை இல்லாத கோயில், முருகைக்கல் சுவர், கடலிலிருந்து அரிந்து வந்த கல் இன்னும் உப்புப் பூத்துக் கிடக்கிறது, வளைவுக்கு மேல் ஆலங்கன்று முளைத்திருந்தது. வாசலடியில் அவளுடைய கால் நின்றுவிட்டது. பலிபீடமும் இல்லை, சுரூபமும் இல்லை, மேலே ஆகாயம், உள்ளே புல்லு, ஒரு ஆடு படுத்திருக்கிறது, ஆட்டுக்கு இல்லாத துடக்கு இவளுக்கு ஏன்? ஆனாலும் கோயில் கோயில்தானே, ஆருடைய கோயிலாக இருந்தால் என்ன, "கால் நோகுது, நீங்கள் போட்டு வாங்கோ," என்று வெளியிலேயே நின்றாள். யாத்திரைக்குப் பொறுப்பான எமில்ராஜ் மாஸ்ரர் உள்ளே நின்று கதை சொல்வது வெயிலில் தெளிவாகக் கேட்டது. "ஒல்லாந்தன்ரை காலத்திலை எங்கடை ஆக்களுக்குப் பூசை தடை. குருமார் வேசம் மாறி, கூலியாளைப் போலைச் சும்மாடும் கட்டிக்கொண்டுதான் வீடு வீடா வருவினம். பகல்லை ஒரு சமயம், இரவிலை ஒரு சமயம். அப்பிடி ஒளிச்சு வைச்சுத்தான் பிள்ளையள் இது இண்டைக்கு எங்கடை கைக்கு வந்தது." எல்லாரும் ஆ என்று கேட்டார்கள். மீனாம்பிகைக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது, ஏன், எங்களுடைய ஆட்கள் ஒளிக்கவில்லையா, பறங்கி காலத்தில் விரதச் சோறு சாப்பிட்ட இலையை எறிந்தால் அகப்பட்டுவிடுவோம் என்று மடித்துக் கூரைக்குள் செருகி வைத்தார்களாம், மார்க்கண்டர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இலையை மடிக்கும்போது இந்தக் கதையைச் சொல்லுவார், கஜனுக்கு வாய்ப்பாடு மாதிரிப் பாடம். இவர்கள் அவர்களுக்கு ஒளித்தார்கள், அவர்கள் இன்னொருவருக்கு ஒளித்தார்கள், நான் சுதாகரனுக்கு ஒளித்து முக்காடு போட்டேன். இந்தக் குடாநாட்டில் ஒளிக்காமல் ஆர்தான் கும்பிட்டார்கள்?

தெல்லிப்பழையில் வான் திரும்புகிற இடத்தில் கீரிமலை என்று பலகை. இந்த வழியால்தான் புதன்கிழமை போகவேண்டும், சுதாகரன் மடியில் சாம்பல் முட்டியை வைத்துக்கொண்டு இருப்பான், மடி மாறி இருக்கிற முட்டி… கஜன் அப்படி என்ன பிழை செய்தான்? வங்கியில் வேலை, நல்ல சம்பளம், தகப்பனுக்கு இரத்தம் ஊற முந்திரிகைப் பழரசம், கறுப்புத் திராட்சை ரசம், வாங்கவென்று அந்த மடத்துக்குப் போய்வருவான், மாதத்தில் ஒருதரம், பிறகு கிழமையில் ஒருதரம், போத்தல்கள் அலமாரியில் அடுக்கடுக்காக நின்றன, அப்போதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டாமா? ஒரு நாள் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். கல்யாணத்துக்குப் பார்த்து வைத்த பெண்வீட்டுக்காரருக்கு மார்க்கண்டர் என்ன முகத்தோடு பதில் சொன்னாரோ. அடுத்த வருஷம் வெள்ளை உடுப்போடு வந்து படலையடியில் நின்றான், "அப்பா," என்று ஒரே ஒருக்கால் கூப்பிட்டான், மனுசன் மாமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார், குழாயை மூடவும் இல்லை, திரும்பவும் இல்லை, பாத்தி நிரம்பி வழிந்து தண்ணீர் படலை வரைக்கும் ஓடி அவனுடைய செருப்பை நனைத்தது. இவள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடிப்போய்ப் படலையைத் திறந்திருந்தால் என்ன செய்திருப்பார், அடித்தா இருப்பார்? அடித்தாலும்தான் என்ன? அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. போத்தல்களை மட்டும் ஒன்றும் செய்யவில்லை, எறியவும் இல்லை, குடிக்கவும் இல்லை.

மடத்து ஒழுங்கைக்குள் வான் இறங்கியது. இரண்டு பக்கமும் முந்திரிகைப் பந்தல், நிழல் விழுந்த செம்மண், சருகு கூட்டின அடையாளம், ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் போய்விடலாமா? என்னைக் கண்டதும் அவன் ஐயோ என்று கத்திவிட்டால்? கத்தமாட்டான், மௌனம் காக்கிற இடமாம். அதைவிட மோசமாக, நெற்றியைப் பார்த்தும் விளங்காமல் "சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டால்? அப்போது என்ன செய்வது, வாயைத் திறக்க ஏலாது, சும்மா நின்று ஓம் சுகம் என்று சொல்லிவிட்டு வருவதா, புருசனைச் சுடலைக்கு அனுப்பியவள் ஓம் சுகம் என்று பெற்ற பிள்ளைக்குச் சொல்லுவாளா? லவீனா அவளுடைய முழங்கையைப் பிடித்தாள், "பயப்பிடாதையுங்கோ அக்கா, நான் பக்கத்திலை நிப்பன்." மண்டபத்துக்குள் இருக்க வாங்குகள் போட்டிருந்தன. வாசலில் இந்தமுறையும் கால் நின்றது, ஆனால் பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ளினார்கள், அவள் உள்ளே வந்துவிட்டாள், அவ்வளவுதான், துடக்கோடு ஒரு தேவவீட்டுக்குள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

வயதான துறவி ஒருவர் வந்து மடத்தின் வரலாற்றை மெல்லிய குரலில் சொன்னார், எமில்ராஜ் மாஸ்ரர் தலையாட்டிக்கொண்டிருந்தார், அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. உள்கதவு திறந்தது. தட்டம் நிறையக் கண்ணாடிக் கிளாசுகளில் கருஞ்சிவப்பாகப் பழரசம், அதைத் தூக்கிக்கொண்டு… மெலிந்துபோய்விட்டான். தோள் எலும்பு வெள்ளை உடுப்புக்குள்ளால் தெரிகிறது. தாடி. அவளுடைய கண் அந்தத் தாடியிலேயே போய் விழுந்தது, பத்தை பத்தையாக, சுதாகரனுடையதைப் போலவே… ஆனால் பொறு, வயதானவருக்கும் தாடி, பின்னால் வந்த மற்றவருக்கும் தாடி, இவர்கள் எல்லாரும் இப்படித்தான் விடுவார்கள் போல, தாடியை வைத்து என்ன சொல்ல முடியும்? ஆசைக்கு அளவில்லை உனக்கு, மீனாம்பிகை. அவன் இன்னும் அவளைக் காணவில்லை. முன்வாங்கில் இருந்தவர்கள் கையை நீட்டினார்கள். அவன் கொடுக்கவில்லை. தட்டத்தைச் சுவரோரத்து மேசையில் வைத்தான், கையை எடுத்தான், பின்னுக்கு நகர்ந்து கதவடியில் நின்றுகொண்டு, "எடுங்கோ," என்றான். நீட்டின கைகள் அந்தரத்தில் நின்றன. வயதான துறவி கொஞ்சம் வியப்போடு திரும்பி, "ஏன் பிரதர், நீங்களே கையிலை குடுங்கோவன்," என்றார். "இல்லை… அவையே எடுக்கட்டும்," என்றான் கஜானன், தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லாரும் எழும்பிப் போய்த் தாங்களே எடுத்தார்கள். சுவர்ணா கிளாசோடு திரும்பி வரும்போது அவனையும் பார்த்தாள், மீனாம்பிகையையும் பார்த்தாள், அந்தப் பிள்ளை நெற்றியைச் சுருக்கியது.

தெரியும். இவனுக்குத் தெரியும். குருசு போட்டுக்கொண்டு, துடக்கு என்பதே இல்லாத ஆட்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, என்னுடைய பிள்ளை தகப்பனுக்குத் துடக்குக் காக்கிறான், ஒருவருக்கும் சொல்லாமல், கேட்ட பெரியவருக்குக்கூடச் சொல்லாமல். லவீனா அவளுக்கும் சேர்த்து எடுத்துவர எழும்பினாள், மீனாம்பிகை அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள். தானே எழும்பிப் போனாள். மேசைக்குக் கிட்டப் போனாள், தட்டத்தைத் தொடவில்லை, கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். முகத்தைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான், வெறும் கழுத்தைப் பார்த்தான், வாய் துடித்தது, சத்தம் வரவில்லை. நல்லது, வரவேண்டாம், எனக்கும் வரக்கூடாது. "இஞ்சை தாரும் தம்பி," என்றாள், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை, சத்தியத்துக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் கதவை விட்டு வந்தான். ஒரு கிளாசைத் தூக்கினான், அவளுடைய கையில் வைத்து, விரல்களை அதன்மேல் மூடிவிட்டான். ஒரே துடக்குக்காரருக்குள் கொடுக்கல் வாங்கலுக்குத் தடை இல்லை. அவள் அங்கேயே நின்று குடித்தாள், இனிப்பும் கசப்பும், கண்ணீர் எது ரசம் எது என்று தெரியவில்லை, குடித்து முடித்து வெறும் கிளாசை அவனுடைய கையிலேயே கொடுத்தாள். உள்ளே மணி அடித்தது. துறவிகள் மூன்று பேரும் ஒரேயடியாகத் திரும்பினார்கள், கதவு மூடியது.

புதன்கிழமையைப் பற்றி ஒரு சொல் இல்லை! வான் ஒழுங்கையால் ஏறி வெளியே வரும்போதுதான் அது உறைத்தது, வந்த காரியம் அப்படியே கிடக்கிறதே, வருவானா, விடுவார்களா, எப்போது எங்கே என்றாவது அவனுக்குத் தெரியுமா? துடக்குத் தெரிந்தவனுக்கு நாளும் தெரிந்திருக்கும்… ஆனால் ஆர் சொன்னது? "லவீனா, நீர் அவனுக்கு ஏதும்…?" "உங்களாணை நான் சொல்லேல்லை அக்கா. எனக்கு அவரோடை கதைக்க எங்கை விடப்போயினம்?" லவீனா பொய் சொல்லுகிற ஆளில்லை, கண்கூடக் கலங்கியிருந்தது. அப்ப ஆர்? சுவர்ணா பின்னாலிருந்து எட்டி, மிச்சமிருந்த பழச்சீப்பை இவளுடைய கையில் திணிக்காமல், நடுவில் இருந்த பையின் மேல் வைத்து, கையை எடுத்து, "எடுங்கோ அன்ரி," என்றாள். எள்ளல் இல்லை, அப்படித்தான் செய்யவேண்டும் போலிருக்கிறது என்று பழகிக்கொண்ட மாதிரி. மீனாம்பிகை ஒரு பழத்தைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு யன்னலால் பார்த்தாள். சுன்னாகம் வரப்போகிறது. சுதாகரனுடைய அந்த டயருக்குக் காற்றுப் போகவில்லை. நல்ல டயர், நல்லாக நின்ற டயர், அதை ஒரு மனுசன் அவ்வளவு நேரம் ஏன் அமர்த்திப் பார்த்தான்? அவன் கண்டுவிட்டான். பனரையும் கண்டான், எங்கே போகிறாள் என்றும் விளங்கித்தான் குனிந்தான். அப்ப கஜனுக்குச் சொன்னதும் இவன்தானா? சுடலைக்குப் பெண்கள் போவதில்லை, அங்கே கொள்ளி வைக்கும்போது வேலிக்கு வெளியே ஆர் நின்றார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும், சுதாகரனுக்குத்தான் தெரியும். திரும்பி வந்து, "எல்லாம் சரியா நடந்தது சின்னம்மா," என்றவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவன் தன் எண்ணத்துக்கு ஒரு காரியம் செய்கிற ஆளா? சித்தப்பா கீறின கோட்டைத் தாண்டாதவன், சித்தப்பா சொல்லாமல்… இரண்டு நாளாகத் தண்ணீரும் இறங்காத மனுசன் அன்றைக்கு எதற்குக் கோப்பி கேட்டார்? அவள் பால் காய்ச்சி ஆற்றிக்கொண்டு நின்ற அவ்வளவு நேரமும் அந்த அறையில் அவர்கள் என்ன கதைத்தார்கள்? வீட்டுக்குப் போனதும் அவனைக் கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சொல்லுவானா, இல்லை, அவனுடைய கையையும் பிடித்து அந்தச் சூடான தலையில் வைத்து, மீனாவுக்குச் சொல்லாதே என்று ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாரா அந்த மனுசன்?